வரி முடியும் இடம்

மழை பிடித்துக்கொண்டால் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நின்றுவிடும். பக்கத்தில் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை. அதன் தகரக் கூரைமேல் விழும் சத்தத்துக்கு எந்தக் கதவும் ஈடு கொடுக்கவில்லை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை பதித்து, கதவுக்கு இரட்டை ரப்பர் வைத்து, ஏசிக் குழாயைக்கூடச் சுற்றி வளைத்துக் கொண்டுபோன மனிதரால் அடுத்தவன் தகரத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. மழை நாட்களில் பாட வந்தவர்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். அவர் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முந்தின நாள் பதிந்ததைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

துடைப்பது என்பது அந்தக் கூடத்து வார்த்தை. பாடுகிறவர் எச்சில் விழுங்கிய சத்தம், தாள் புரட்டிய சத்தம், தெருவில் போன வண்டியின் ஹாரன் எல்லாவற்றையும் எடுப்பதற்குப் பெயர் துடைப்பது. சுருதி விலகிய இடத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பிடித்து, கோடாகத் தெரிகிற குரலை மேலே நகர்த்திச் சரியான இடத்தில் வைப்பதற்கும் அதே பெயர்தான். "கவலைப்படாதீங்க, துடைச்சு வெச்சிடறேன்" என்றால் யாருக்கும் மனசு நோகாது. தூசி எல்லார் மேலும்தான் படுகிறது.

அவரை எல்லோரும் மீட்டர் என்பார்கள். பேசும்போதுகூடக் கண் ஒலி அளவு காட்டும் பச்சை விளக்குகள் ஏறி இறங்குவதிலேயே இருக்கும் என்பதால் வந்த பெயர். மீசை நரைத்த பிறகும் அது மாறவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலேயே மாமனார் "மாப்பிள்ளை மீட்டர்" என்று வாய் தவறிச் சொல்லி, அறையே சிரித்தது.

அன்று காலையும் மழை. டயர் விளம்பரத்துக்குக் கீபோர்டு வாசிக்க வந்திருந்த அரைக்கட்டை, மூலை நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆளும் குள்ளம், எந்தப் பாட்டுக்கும் "சுருதியை அரைக்கட்டை ஏத்திப் பார்க்கலாமே" என்று சொல்லாமல் விடமாட்டார். இரண்டுக்கும் சேர்த்து அந்தப் பெயர் பொருந்திப்போனது. மீட்டரோடு இளவட்டமாகச் சேர்ந்தவர், வயிறு வைத்த பிறகும் கூடவே இருக்கிறார்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மீட்டரின் மனைவி கையில் சோப்பு நுரையோடு உள்ளே வந்தாள். சின்னப் பிள்ளைகள் பள்ளியில் பாடம் எடுப்பவள்; மழைக்காக அன்று பள்ளி விடுமுறை. தெருவுக்கே அவள் டீச்சர்.

"என்னங்க, அதைக் கொஞ்சம் கழட்டுங்க."

"மழை விடட்டும்னு…"

"மழை கிடக்கட்டும். போன் வந்துச்சு." யாரும் உட்காரக் கூடாத ஸ்பீக்கர் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் அதட்டவில்லை. "காபித்தூள் விளம்பரத்துல பாடினது யாருன்னு தேடிக் கண்டுபிடிச்சாங்களாம். சனிக்கிழமை கச்சேரி. அவரோட ஆர்க்கெஸ்ட்ரா. நான் ரெண்டு பாட்டு பாடணுமாம்."

"யாரோட?" என்று கேட்டார் அரைக்கட்டை. அவள் இசையமைப்பாளரின் பேரைச் சொன்னதும் காலைக் கீழே போட்டார். "அம்மாடி! டீச்சரம்மா, அவரு ஆளைத் தேட மாட்டாரு. ஆளுங்கதான் அவரு வாசல்ல தேஞ்சு போவாங்க."

"நானும் யாரோ விளையாடறாங்கன்னுதான் நெனச்சேன். அப்புறம் அவரே பேசினாரு. 'உங்க குரல்ல ஒரு இடம்கூட ஆடலையேம்மா'ன்னாரு." சொல்லும்போதே முகம் சிவந்தது. "நான் சரின்னுட்டேன். உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கணுமோ?"

மீட்டர் ஹெட்போனின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"பதிஞ்சு வெச்சு ஓட்டுவாங்களா, இல்ல…"

"டிவில நேரா வருதாம்."

"நேரான்னா, நேராவா?"

"நேரான்னா நேராத்தான். வளைச்சா பாடுவாங்க?" சிரித்துக்கொண்டே எழுந்தாள். "வெள்ளிக்கிழமை ஒத்திகை. நான் போய் ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் போடறேன். லீவு இல்லாட்டி வேலையையே விட்டுடறேன்னு சொல்லப்போறேன், பாருங்க!"

அவள் படியேறிப் போகும்வரை அரைக்கட்டை காத்திருந்தார்.

"ஓய் மீட்டர்."

"ம்."

"காபித்தூளுக்கு எவ்வளவு துடைச்சே?"

மீட்டர் சுருட்டின ஒயரை அவிழ்த்து மறுபடி சுருட்டினார்.

"முழுசாவா?"

"வரிக்கு வரி."

"அந்தம்மாவுக்கு?"

"தெரியாது."

அரைக்கட்டை தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

மீட்டர் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒயர் சுருட்ட. அந்தக் காலத்துப் பெரிய ஸ்டூடியோ ஒன்றில், ஒயரை எட்டு வடிவத்தில் மடிக்காமல் வட்டமாகச் சுருட்டியதற்கு முதல் நாளே திட்டு வாங்கினார். பிறகு நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டக் கற்றார். ஐம்பது வயலின்களுக்கு முன்னால் மைக் வைக்கும் இடத்தைக் காதாலேயே தேடக் கற்றார். நாடா போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஐம்பது வயலின்கள் ஒரு கீபோர்டுக்குள் அடங்கின. ஸ்டூடியோ கட்டில் மெத்தை விற்கும் கடையானது. விற்பனைக்கு வந்த பழைய மிக்ஸரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டின் கீழ்த்தளத்தில் இறக்கினார். அன்றிலிருந்து அவரே தயாரிப்பாளர், அவரே இன்ஜினியர். தேநீர் வாங்கி வருவதும் அவர்தான். விளம்பரப் பாட்டு, பள்ளிக்கூடப் பாட்டு, பேருந்து நிலைய அறிவிப்பு எதையும் அவர் தள்ளியதில்லை.

டீச்சர் பாட வந்தது தற்செயல். ஒரு நாள் பாடகி வரவில்லை. வாசிப்பவர்கள் எல்லாம் காத்திருந்தார்கள். பாட்டின் போக்கு தெரிந்தால் போதும், யாராவது பாடி வைத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அவளை மாடியிலிருந்து கூப்பிட்டார். பாடும் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் பாடினாள். முடித்ததும் கண்ணாடி வழியே அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்: நல்லா இருக்கா?

நன்றாகத்தான் இருந்தது. ஓடுகிற இடங்களில் அவளைக் குறை சொல்ல முடியாது. வரி முடிகிற இடத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும்போதுதான், மூச்சு குறையக் குறையச் சுருதி இறங்கியது. காதுள்ளவனுக்கு மட்டும் தெரிகிற இறக்கம். அவர் அந்த இடங்களை நகர்த்தி வைத்தார். விளம்பரக் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, "இவங்களே இருக்கட்டும் சார். வேற யாரும் வேணாம்" என்றார்.

மீட்டர் அதை அவளிடம் சொல்லாமலே விட்டவரும் இல்லை. இரண்டாம் வருஷமோ என்னவோ, ஒரு பாட்டின் நடுவே, பாடுகிறவர் காதில் பேசுவதற்கான பேச்சுப் பொத்தானை அழுத்தி, மற்றவர்களிடம் சொல்வது போலவே, "இறங்குது, மறுபடி" என்றார். வாடிக்கையாளர் இருவர் பக்கத்தில் இருந்தார்கள். டீச்சரின் முகம் வெளிறிப்போனது. மறுபடி பாடினாள், பாதியில் நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி மடித்தாள். "வேற யாரையாவது கூப்பிட்டுக்குங்க. எனக்கு இதெல்லாம் வராது" என்றாள், அழுதுகொண்டே. அன்றைக்கு மீட்டர் மூடின வாய்தான். அதற்குப் பிறகு அவள் ஒரு வரி பாடினால், "ஓகே, அடுத்தது" என்பார். ஊரில் இருக்கிற பாடகிகளை எல்லாம் மாலை வரைக்கும் நிற்க வைத்து உயிரை வாங்குகிற மனிதர் தன் மனைவிக்கு மட்டும் ஒரே தடவையில் ஓகே சொல்வார். "எங்க டீச்சரம்மாவுக்கு மட்டும் சலுகையா?" என்று அரைக்கட்டை கிண்டல் செய்ததுண்டு. "அவங்க ஒன் டேக் ஆர்ட்டிஸ்ட்யா" என்பார் மீட்டர். டீச்சர் அதை நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்குக் காரணமே இல்லை. வெளியே வந்ததெல்லாம் அவள் குரல்தான். ஒரு இடம்கூட ஆடவில்லை.

"சொல்லிடு," என்றார் அரைக்கட்டை.

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். இன்னிக்கே சொல்லிடு. மேடையில தெரிஞ்சா, உன்னை அந்தம்மா மன்னிச்சாலும் டிவியில பாத்த ஊரு மன்னிக்காது அந்தம்மாவை."

அன்று மாலைக்குள் சேதி தெரு முழுக்கப் பரவியது. மகள் கல்லூரியிலிருந்து வரும்போதே போனில் நாலு பேரிடம் சொல்லி முடித்திருந்தாள். பட்டறைக்காரர் கிரீஸ் கையோடு வந்து வாழ்த்தினார். "நாங்க தினமும் ஓசில கேட்ட குரலு, இனிமே டிக்கெட் வாங்கணுமா?" என்றார். டீச்சர் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனாள். சோற்றைப் பிசைந்தபடியே மேடைப் பாட்டை முணுமுணுத்தாள். வரி முடிகிற இடம் வரும்போதெல்லாம் மீட்டரின் தோள்கள் காதுக்கு ஏறின.

"ஏம்பா முகத்தை இப்படி வெச்சிருக்கே?" என்றாள் மகள். "பொறாமையா?"

"முட்டைல உப்பு இல்ல," என்றார்.

"உங்கப்பாவுக்குப் பயம்டி," என்றாள் டீச்சர். "நான் பாடப்போறேன், அவரு முட்டைல உப்பு தேடறாரு. எனக்கே இல்லாத பயம் இவருக்கெதுக்கு?"

அவர் சொல்லத்தான் நினைத்தார். பாத்திரம் கழுவும் இடத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றார். "இந்தாம்மா, அந்த முதல் பாட்டு, வரி முடியற இடத்துல கொஞ்சம் சுருக்கமா விட்டுடறியா? நீளமா பிடிக்காம?" என்றார்.

"ஏன்?"

"மேடையில எதிரொலி இருக்கும். சுருக்கமா விட்டா நல்லா இருக்கும்."

"அவரு நீளமா பிடிக்கச் சொன்னாருங்க. அந்த இடம்தான் அவருக்குப் பிடிச்சதாம்." ஈரக் கையால் அவர் கன்னத்தைத் தட்டினாள். "நீங்க பேசாம இருங்க. நீங்க 'ஓகே அடுத்தது'ன்னு சொல்லாத இடத்துல முதல் தடவையா பாடப்போறேன். பாக்கலாம், எப்படி இருக்குன்னு."

அவர் கழுவி வைத்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் மீட்டர், கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் பழைய கூட்டாளியைப் பார்க்கப் போனார். கச்சேரிக்கு ஒலி அமைப்பது கண்ணாடிதான். தடித்த கண்ணாடி போட்ட, பழைய ஸ்டூடியோவில் மீட்டரோடு ஒயர் சுருட்டின ஆள். இப்போது லாரி லாரியாக ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். அரங்கத்தின் பின்கதவில், இரும்புப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்த இடத்தில் வைத்து மீட்டர் விஷயத்தைச் சொன்னார்.

"நேர்ல திருத்தற மெஷின் வெச்சிருக்கேல்ல? லேசா போட்டுடு. வரி முடியற இடத்துல மட்டும்."

"வெச்சிருக்கேன். பாதிப் பேருக்குப் போடறதுதான்." கண்ணாடி மூக்கை உறிஞ்சினார். "ஆனா அது மெஷினு மீட்டரு. பக்கத்துல எந்தச் சுரம் இருக்கோ அங்க இழுத்து வெக்கும். கொஞ்சம் இறங்கினா மேல தூக்கிடும். ரெண்டு சுரத்துக்கு நடுவுல பாதிக்கு மேல இறங்கிட்டா, கீழ இருக்கறதுதான் பக்கம்னு நெனச்சு அங்க தள்ளி விட்டுடும். உங்க வீட்டம்மா எவ்வளவு இறங்குவாங்க?"

"பாதிக்குள்ளதான்," என்றார் மீட்டர். சொன்ன பிறகுதான், கடைசியாக அதை எப்போது அளந்து பார்த்தோம் என்று யோசித்தார். துடைக்கும்போது கை தானாக நகர்த்தும். எவ்வளவு என்று மனம் கணக்கு வைப்பதில்லை.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம்."

"சரி. காதுல மாட்டறதுல அவங்க சொந்தக் குரலை அனுப்பறேன். வெளிய மட்டும் திருத்தினது போகட்டும்." கண்ணாடி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பொண்டாட்டிக்காக மலையையா தூக்கச் சொல்றே? ஒரு பொத்தான்தானே."

மீட்டருக்கு மூச்சு வந்தது. வெள்ளிக்கிழமை வரை அந்த மூச்சில்தான் நடமாடினார்.

ஒத்திகை அரங்கில் குளிர் அதிகம். வயலின்காரர்கள் சால்வை போர்த்திக்கொண்டு, விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் புதுச் செருப்புப் போட்டிருந்தாள். காதில் மாட்டுகிற சின்னப் பொருளை ஒருவர் கொண்டுவந்து மாட்டிவிட்டார். மீட்டர் கடைசி வரிசையில், கண்ணாடியின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இசையமைப்பாளர் மெலிந்த மனிதர். எல்லோரையும் நீங்க, வாங்க என்பவர். "பயப்படாதீங்கம்மா, நம்ம வீடுன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினார்.

முதல் இரண்டு வரிகள் ஓடின. சின்னச் சின்ன வளைவுகளில் அவள் குரல் வழுக்கிக்கொண்டு போனபோது முன்வரிசை வயலின்காரம்மா திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். மீட்டர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் அழுத்திக்கொண்டார். வரி முடிகிற இடம் வந்தது. அவள் நின்றாள், பிடித்தாள். மெஷின் தாங்கியது. இன்னும் பிடித்தாள். இன்னும் தாங்கியது. கண்ணாடி பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

அப்போது டீச்சர் காதில் இருந்ததை ஒரு பக்கம் பிடுங்கித் தோளில் போட்டாள். காதுக்குள் ஏதோ ஊர்வது போல இருந்தது என்று பிறகு சொன்னாள். அடுத்த வரியை அரங்கத்து ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டே பாடினாள். அது நீளமான வரி. முடிவில் நின்று பிடித்தாள். குரல் மெல்ல இறங்கியது, மெஷின் மேலே பிடித்து வைத்தது, இன்னும் இறங்கியது, திடீரென்று படியிலிருந்து கால் வழுக்கின மாதிரி ஸ்பீக்கரில் அவள் குரல் கீழ்ச் சுரத்துக்குக் குதித்தது. வயலின் வில்கள் நின்றன.

"ஒரு நிமிஷம்," என்றாள் டீச்சர். "என்ன இது? நான் ஒண்ணு பாடறேன், வேற ஒண்ணு கேக்குது. யாரோ என் குரலைப் பிடிச்சுத் தள்ளற மாதிரி இருக்கு."

கண்ணாடி மீட்டரைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். முகத்தைத் திருப்பத் தெரியாத ஆள்.

"எதுக்கு அவரைப் பாக்கறீங்க?" என்றாள் டீச்சர் மைக்கிலேயே. அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

இசையமைப்பாளர் கையைத் தாழ்த்தினார். "கண்ணாடி, அதை எடுத்துடுங்க. அம்மாவோட குரல் மட்டும் வரட்டும்" என்றார். "அதே வரி, இன்னொரு தடவை."

அவள் பாடினாள். இம்முறை தள்ள யாரும் இல்லை, பிடிக்கவும் யாரும் இல்லை. வயலின்கள் தம் சுரத்தில் நேராக நின்றிருக்க, அவள் குரல் அவற்றுக்குக் கீழே கீழே போனது. அவளுக்கே கேட்டது. பாடிக்கொண்டிருக்கும்போதே அவள் கண்கள் ஸ்பீக்கரின் பக்கம் போனதை மீட்டர் கடைசி வரிசையிலிருந்து பார்த்தார். முன்வரிசை வயலின்காரம்மா குனிந்து தன் தந்தியைப் பார்த்துக்கொண்டார்.

"போதும்மா," என்றார் இசையமைப்பாளர். "தொண்டைக்கு ஓய்வு குடுங்க. காலைல ஒரு தடவை பாத்துக்கலாம்." வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதையைத்தான் மீட்டரால் தாங்க முடியவில்லை.

பேருந்தில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வெயில் வந்திருந்தது. பாதி வழி போயிற்று. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

"காபித்தூள்ல எந்த இடம்?"

"என்ன, எந்த இடம்?"

"நீங்க கை வெச்ச இடம்."

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் செய்யறதுதாம்மா. உலகத்துல யாருக்குச் செய்யல? பெரிய பெரிய…"

"நான் உலகத்தைக் கேக்கல."

வீட்டுக்கு வந்ததும் அவள் மாடிக்குப் போகவில்லை. புதுச் செருப்பைக் கூடத்து வாசலில் விட்டுவிட்டு நேரே உள்ளே போய், வாடிக்கையாளர்கள் உட்காருகிற சோபாவில் உட்கார்ந்தாள். "துடைக்காததைப் போடுங்க."

"இப்ப எதுக்கு? கொஞ்சம் தேநீர்…"

"போடுங்க."

பதிந்த எதையும் அழிக்காத தொழில்காரர் அவர். எல்லாம் இருந்தது. காபித்தூளைப் போட்டார். அவள் கைகளை மடியில் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்பது போலக் கேட்டாள். முடிந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"முதமுதல்ல பாடினது?"

"அது எங்கியோ கிடக்கும்."

"எங்க கிடக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

தேடி எடுத்துப் போட்டார். இளவயதுக் குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. வரி முடிகிற இடத்தில் அவர் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தார். குரல் இறங்கியது, ஆனால் நூலளவு. அவர் நினைவில் இருந்ததைவிடக் குறைவு. இதையா அன்று நகர்த்தினோம் என்று இருந்தது.

"இன்னொரு தடவை," என்றாள். கேட்டாள். "நடுவுல உள்ளது ரெண்டு." கேட்டாள். "மறுபடி காபித்தூள்."

இப்போது அவருக்கும் கேட்டது. பொம்மைக் கடை விளம்பரத்தில் விரலளவு. பால் விளம்பரத்தில் இன்னும் கொஞ்சம். காபித்தூளில் கீழே கிடந்தது. வருஷா வருஷம் துடைத்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகத்தான் துடைத்தார். வரிசையாக வைத்து ஒரு நாளும் கேட்டதில்லை.

"நான் ஆரம்பத்துல நல்லாத்தானே பாடியிருக்கேன்," என்றாள் மெதுவாக. "போகப் போகத்தான் கெட்டுப்போயிருக்கேன்."

"அப்படியில்ல…"

"அப்படித்தான். என் கிளாஸ்ல ஒரு புள்ள எழுத்தைத் தப்பா எழுதுதுன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு தடவையும் நானே அழிச்சு, நானே சரியா எழுதி, மேல ஸ்டாரும் போட்டுக் குடுத்தா, அந்தப் புள்ள எப்ப எழுதக் கத்துக்கும்? இன்னும் மோசமாத்தான் எழுதும். நம்ம எழுத்துதான் ஊர்ல ஒசத்தின்னு வேற நெனச்சுக்கும்." குரல் ஏறியது. "என் வீட்டுப்பாடத்தை எல்லாம் நீங்களே எழுதிட்டீங்க."

"அன்னிக்கு நீ அழுதே. 'எனக்கு வராது'ன்னே."

"ஒரு நாள் அழுதேன். அழுதா என்ன? என் கிளாஸ்ல தினம் நாலு புள்ள அழுவுதுங்க. மறுநாள் பையைத் தூக்கிட்டு வருதுங்கல்ல? என்னை மறுநாள் வர விட்டீங்களா நீங்க?"

அவர் மிக்ஸரின் ஒரு பொத்தானை மேலே தள்ளினார், கீழே இழுத்தார்.

டீச்சர் போனை எடுத்து இசையமைப்பாளரின் மேனேஜர் நம்பரை அழுத்தினாள். மீட்டருக்குத் திக்கென்றது. "உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. காய்ச்சல்னு சொல்லு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார் அவசரமாக.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சார், நான்தான். நாளைக்கு நான் வரல. இல்ல சார், உடம்பு நல்லாத்தான் இருக்கு, பாட்டுதான் சரியில்ல. பெரிய சார் விளம்பரத்துல கேட்டது நான் பாடினபடி இல்ல, எங்க வீட்டுக்காரர் சரி பண்ணினது. ஆமா. எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும். பெரிய சார்கிட்ட மறைக்காம இதை அப்படியே சொல்லிடுங்க. அவங்க எவ்வளவு நம்பிக் கூப்பிட்டாங்க." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "பரவாயில்ல சார். கத்துக்கிட்டா நானே கூப்பிடறேன்."

போனை வைத்தாள். நாளைக் காலைக்குள் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரிந்துவிடும் என்று மீட்டரின் மனம் முதலில் கணக்குப் போட்டது. யார் யார் சிரிப்பார்கள், யார் வேலை கொடுக்கத் தயங்குவார்கள் என்று முகங்கள் வரிசையாக வந்தன. அப்படி நினைத்ததற்காகவே காது சுட்டது. மேடைக் கச்சேரி என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பட்டறைக்காரருக்கும், ஹெட்மிஸ்ட்ரஸுக்கும், மகளின் நாலு தோழிகளுக்கும் நாளை முகம் கொடுக்கப்போவது அவள்.

அவள் எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். மைக்குக்கு முன்னால் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"ரெக்கார்டு பண்ணாதீங்க. அதுல கை வைக்காதீங்க. கேளுங்க, போதும்."

மேடைப் பாட்டின் முதல் வரியைப் பாடினாள். முடிவில் நின்றாள். அவரைப் பார்த்தாள்.

அவர் பேச்சுப் பொத்தானில் விரலை வைத்தார். அழுத்தவில்லை.

"மத்தவங்களுக்கு எப்படிச் சொல்வீங்க?" என்றாள். "அப்படியே சொல்லுங்க."

அழுத்தினார். "இறங்குது."

அவள் கீழுதடு லேசாக நடுங்கியது. அவர் விரல் பொத்தானை விட்டுப் பறந்து வந்தது. அவள் தண்ணீர் குடித்தாள். தோளைத் தளர்த்திக்கொண்டாள். மறுபடி பாடினாள்.

"இறங்குது."

மறுபடி.

"இறங்குது. மூச்சு முடியறதுக்கு முன்னாடியே முடியப் போவுதுன்னு பயப்படறே. அங்கதான் இறங்குது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு மறுபடி பாடினாள்.

வாசலில் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. "அம்மா, ஒத்திகை எப்படி…" என்று ஆரம்பித்தவள், கூடத்துக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றாள். அப்பா இந்தக் குரலில் அம்மாவிடம் பேசி அவள் கேட்டதே இல்லை. என்ன சண்டை என்று கண்ணால் கேட்டாள். அவர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். வளைவுகளில் வழுக்கி, நீளமான வரியைக் கடந்து, முடிவுக்கு வந்து நின்றாள். குரல் நேராக நின்றது. நின்றது. இன்னும் நின்றது. பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டுவது எங்கோ கேட்டது. கடைசியில், மூச்சு தீருகிற அந்த இடத்தில், யாருக்கும் தெரியாத அளவு சரிந்தது. எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. மகளுக்குத் தெரியவில்லை, அவள் கைதட்டப் போனாள். சரி என்று சொன்னால் யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. அந்த வார்த்தை அவர் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியே அவரையே பார்த்தாள்.

"இறங்குது," என்றார் மீட்டர்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, வெளிச்சம் மட்டும் நுழைகிற அளவு பிரித்துக் காட்டினார். அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தாள். தன் விரல்களிலும் அதே அளவு பிரித்து வைத்துப் பார்த்தாள். பிறகு மைக்குக்குத் திரும்பிப் போய், மூச்சை இழுத்தாள்.